ரத்தம் சொல்லும் சாட்சி

ரண சிகிச்சை முடிந்து கண் விழித்த புற்றுநோயாளி வைத்தியரிடம் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: "எல்லாம் போய்விட்டதா?" கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போய்விட்டது என்று வைத்தியர் மனச்சாட்சிக்கு விரோதமின்றி விடை கூறலாம். கண்ணுக்குத் தெரியாததும் போயிற்றா என்று மேலும் கேட்டால், அவர் மௌனம் சாதிக்க வேண்டியதுதான். தாய்க் கட்டியை விட்டு முன்னமே பிரிந்து சென்று, கல்லீரலிலோ நுரையீரலிலோ ஒளிந்து கிடக்கும் சிற்சில அணுக்களை எந்தக் கத்தியும் எட்டாது. எந்தப் படக் கருவியும் காட்டாது. மாதங்களோ வருஷங்களோ கழித்து அவை தலைதூக்கும்போதுதான் நோய் மீண்டுவிட்டது என்ற செய்தி வெளியாகும். அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிடும்.

சுமார் பத்து வருஷங்களாக இந்த மௌனம் கலைந்து வருகிறது. நோயாளியின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை ஆராய்ந்து, உடலில் புற்றின் மிச்சம் உண்டா என்று சொல்லும் பரீட்சை கைகூடியிருக்கிறது. ஆராய்ச்சிச் சாலையில் பிறந்த இப்பரீட்சை இன்று கடைச் சரக்காகவும் விலைப்படுகிறது. இதனால் மனித சமூகத்துக்கு நன்மை விளையும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எந்த நன்மை இன்று ருஜுவாகியிருக்கிறது, எது இன்னும் ருஜுவாகவில்லை என்று பிரித்தறியாமல் ஆரவாரம் செய்வோர் ஒரு புறமும், அவ்வாறே பிரித்தறியாமல் அலட்சியம் செய்வோர் மறு புறமும் நிற்கிறார்கள். ஆதலின் இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைத் தெளிவாக எடுத்துரைப்பது அவசியமாகிறது.

இப்பரீட்சை வருவதற்கு முன் வைத்தியர்கள் கைக்கொண்ட வழி யாது? பெருங்குடற் புற்றின் இரண்டாம் நிலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இந்நிலையில் நோய் குடலின் சுவரைத் துளைத்து வளர்ந்திருக்கும். ஆனால் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிராது. இத்தகைய நோயாளிகளில் பெரும்பாலோர், நூற்றுக்குச் சுமார் 80 பேர், ரண சிகிச்சை ஒன்றினாலேயே குணமடைந்து விடுகிறார்கள். எஞ்சியவர்களுக்கு நோய் மீளும். அவர்கள் இன்னாரென்று முன்கூட்டி அறிய வழியில்லாமையால், கட்டியின் தோற்றத்தையும் வேறு சில குறிகளையும் பார்த்து, அபாயம் அதிகமென்று தோன்றியவர்களுக்கெல்லாம் கீமோதெரபி என்னும் ரசாயன மருந்தைச் செலுத்துவது வழக்கமாயிற்று.

இம்மருந்தின் கொடுமை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வாந்தியும் பேதியும் சோர்வும் ஒரு புறமிருக்க, ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்து, அற்பக் காய்ச்சலும் உயிருக்கு உலை வைக்கக் கூடும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தினால் விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப் போகின்றன. சட்டைப் பொத்தானைப் போட முடியாமலும், நடக்கும்போது நிலத்தை உணராமலும் வருஷக் கணக்கில் அவதிப்படுவோர் உண்டு. நோய் முற்றும் நீங்கிவிட்ட ஒருவர் இத்தனையையும் வீணாக அனுபவிக்கிறார் என்றால், அதை எப்படிச் சகிப்பது?

முற்காலத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் தண்டப் போலீஸ் வரி என்று ஒன்று விதித்ததை நமது வாசகர்கள் அறிவார்கள். கிராமத்தில் குற்றவாளி யாரென்று தெரியாவிட்டால், கிராமத்தார் அனைவர் தலையிலும் வரியைச் சுமத்திவிடுவது அதன் முறை. குற்றமற்றவன் வரி கொடுப்பான். குற்றவாளி தப்பித்தும் போவான். புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பதில் இதுகாறும் நடந்தது ஏறக்குறைய இதே முறைதான். வைத்தியர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களிடம் சாட்சி இல்லை. ஆகவே சந்தேகத்தின் பேரில் தண்டித்தார்கள்.

இப்போது அந்தச் சாட்சி வந்திருக்கிறது. அது திடீரென்று வானத்திலிருந்து குதித்ததன்று. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் உருவம் தெரியவருவதற்கு 5 வருஷங்களுக்கு முன்பே, அதாவது 1948-ம் வருஷத்தில், பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானிகளான மாண்டெல், மெத்தே என்ற இருவர், மனித ரத்தத்தின் பிளாஸ்மாவில் மரபுப் பொருளான நியூக்ளிக் அமிலங்கள் மிதக்கின்றன என்று வெளியிட்டார்கள். அன்று அதைப் பொருட்படுத்தியவர் அரிது. 1977-ல் அமெரிக்காவில் லியோனும் அவருடைய சகாக்களும், புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இப்பொருள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். 1989-ல் ஜினீவாவில் ஸ்ட்ரூன் என்பவரின் குழுவினர், அதில் ஒரு பகுதி புற்றணுக்களிலிருந்தே வருகிறது என்பதற்கு அடையாளம் காட்டினர். 2008-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையார், பெருங்குடற் புற்றுக்கு ரண சிகிச்சை பெற்ற 18 பேரின் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்து, சிகிச்சைக்குப் பின்னும் இந்தத் துணுக்குகள் எவரிடம் தென்பட்டனவோ அவர்களிலேயே பெரும்பாலும் நோய் மீண்டது என்று நிரூபித்தார்கள். ஒரு சிறு கண்டுபிடிப்பு பயன் தரும் பரீட்சையாக முதிர்வதற்கு 60 வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

இப்பரீட்சையின் தத்துவம் கடினமானதன்று. உடலில் அணுக்கள் இடைவிடாமல் மடிந்து கொண்டிருக்கின்றன. மடிந்த அணுவின் டி.என்.ஏ. சிறு சிறு துணுக்குகளாக நறுங்கி ரத்தத்தில் கலக்கிறது. புற்றணுவும் மடிகிறது, அதன் துணுக்குகளும் கலக்கின்றன. ஆனால் புற்றணுவின் டி.என்.ஏ.யில் மற்ற அணுக்களில் காணாத எழுத்துப் பிழைகள் உண்டு. வெட்டியெடுத்த கட்டியை முதலில் ஆராய்ந்து, அதிலுள்ள பிழைகள் இன்னவையென்று குறித்துக்கொண்டு, பின்னர் அதே பிழைகள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று தேடுகிறார்கள். திருடனின் கைரேகையை வைத்துக்கொண்டு அவனைத் தேடுவது போன்றது இது. இத்துணுக்குகள் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதுமில்லை. சுமார் 2 மணி நேரத்துக்குள் அவற்றில் பாதி மறைந்துவிடும். ஆகவே ரண சிகிச்சை நடந்து சில வாரங்கள் கழித்தும் அவை ரத்தத்தில் காணப்படுமானால், அவற்றைச் சொரியும் அணுக்கள் எங்கோ உயிரோடிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

சாட்சி எவ்வளவு நம்பத்தக்கது? ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரிலுள்ள வால்ட்டர் அண்டு எலிசா ஹால் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜீன் டை என்ற அம்மையாரும் பீட்டர் கிப்ஸ் என்பவரும் பிறரும் 2016-ல் வெளியிட்ட கணக்கைப் பார்ப்போம். இரண்டாம் நிலைப் பெருங்குடற் புற்றுக்கு ரண சிகிச்சை பெற்று, கீமோதெரபி பெறாத 178 பேரில், 14 பேரின் ரத்தத்தில் புற்றின் துணுக்குகள் தென்பட்டன. அந்த 14 பேரில் 11 பேருக்கு நோய் மீண்டது. துணுக்குகள் தென்படாத 164 பேரில் 16 பேருக்கே மீண்டது. நூற்றுக்கு 79 எங்கே, நூற்றுக்குச் சுமார் 10 எங்கே! பழைய குறிகள் எவற்றாலும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக்காட்ட முடிந்ததில்லை.

இந்தச் சாட்சியத்தைக் கொண்டு சிகிச்சையையே நடத்தலாமா என்று அக்குழுவினர் அடுத்தபடி ஆராய்ந்தார்கள். டைனமிக் என்று பெயரிட்ட அப்பரிசோதனையின் முடிவு 2022-ல் வெளியாயிற்று. 455 நோயாளிகளைச் சீட்டுப் போடுவது போல் இரு வகுப்பாகப் பிரித்து, ஒரு வகுப்பினருக்கு வைத்தியர்கள் வழக்கப்படி முடிவு செய்தனர். மறு வகுப்பினருக்கு ரத்தத்தின் சாட்சியே முடிவு செய்தது. வழக்கப்படி நடந்த வகுப்பில் நூற்றுக்கு 28 பேர் கீமோதெரபி பெற்றனர். ரத்தச் சாட்சியின்படி நடந்த வகுப்பில் நூற்றுக்கு 15 பேரே பெற்றனர். இரண்டு வருஷங்கள் கழித்து நோய் மீளாதிருந்தவர்கள் முன்னதில் நூற்றுக்கு 92.4, பின்னதில் 93.5. ஐந்து வருஷங்களுக்குப் பின் எடுத்த கணக்கிலும் இரு வகுப்பாரும் சமமாகவே இருந்தனர் என்று 2025-ல் அறிவித்தார்கள். மருந்து பெற்றவர் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எவருக்கும் அதனால் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. இதைக் காட்டிலும் சிறந்த ருஜு வேண்டுமா? ஆஸ்திரேலிய தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முதலிய ஸ்தாபனங்களின் உதவியால் இப்பரிசோதனை நடந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பொது ஜனங்களின் பணம் பொது ஜனங்களின் கேள்விக்கே விடை தேடிற்று.

எனினும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்றுக்கொள்வது நியாயமாகாது. முதலாவது, இச்சாட்சி சில சமயம் கண்டதைச் சொல்லாமல் விடும். மேலே சொன்ன 164 பேரில் 16 பேருக்கு, ரத்தம் சுத்தம் என்ற பிறகும் நோய் மீண்டதல்லவா? காரணம் எளிது. 10 மில்லிலிட்டர் ரத்தத்தில், டி.என்.ஏ.யின் ஒரு குறிப்பிட்ட பகுதியின் பிரதிகள் சில ஆயிரமே இருக்கும். புற்றின் துணுக்கு லட்சத்தில் ஒன்றாக இருந்தால், அது அந்தக் குப்பியிலேயே இல்லாமற் போகலாம். இல்லாத பொருளை எவ்வளவு நுட்பமான கருவியும் காட்டாது. ஒரு பிழையை மட்டும் தேடாமல் பல பிழைகளைச் சேர்த்துத் தேடுவதால் இக்குறை ஓரளவு நீங்கும், முற்றும் நீங்காது. நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் இது மாறுபடும். கல்லீரலில் தங்கிய புற்று துணுக்குகளைத் தாராளமாகச் சொரிகிறது. நுரையீரலிலும் வயிற்றின் உள்ளுறையிலும் தங்கியது அவ்வாறு சொரிவதில்லை.

இரண்டாவது, இச்சாட்சி சில சமயம் ஆளை மாற்றியும் சொல்லும். வயது ஏற ஏற, ரத்தத்தை உண்டாக்கும் அணுக்களிலேயே சில பிழைகள் தோன்றுகின்றன. அவை புற்றல்ல, ஆனால் புற்றின் பிழைகளைப் போலவே தோற்றமளிக்கும். நோயாளியின் வெள்ளணுக்களையும் தனியே சோதித்து இவற்றை நீக்காவிட்டால், குற்றமற்றவன் மீது பழி விழும். அமெரிக்காவில் கோப்ரா என்ற பெயரால் நடந்த பரிசோதனையின் கதி இங்கே நினைவுகூரத்தக்கது. ரத்தத்தில் துணுக்குகள் தென்பட்டவர்களில், கீமோதெரபி பெறாத 7 பேரில் 3 பேருக்கு அவை 6 மாதத்தில் தாமாகவே மறைந்தன. கீமோதெரபி பெற்ற 9 பேரில் ஒருவருக்கே மறைந்தன. மேலே தொடர்வதில் பயனில்லை என்று கண்டு பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். இந்த முடிவு 2024-ல் வெளியாயிற்று. மெல்போர்னில் நல்ல சாட்சி சொன்னதாலேயே எங்கும் எந்தப் பரீட்சையும் நல்ல சாட்சி சொல்லும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இது போதிய அத்தாட்சி.

மூன்றாவதும் முக்கியமானதுமான விஷயம் ஒன்றுண்டு. அபாயத்தை அறிவது வேறு. அபாயத்தை நீக்குவது வேறு. டென்மார்க்கில் 2019-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, படக் கருவி காட்டுவதற்குச் சராசரி 8 மாதங்களுக்கு மேல் முன்னதாகவே ரத்தம் நோய் மீள்வதைத் தெரிவித்தது என்று கண்டது. அந்த 8 மாதங்களை வைத்துக்கொண்டு வைத்தியர் என்ன செய்வார்? ஜப்பானியர் ஆல்டேர் என்ற பரிசோதனையில், ரத்தத்தில் துணுக்குகள் தென்பட்ட 243 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்கு மேலும் ஒரு மருந்தையும் மறு சாராருக்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் மீளும் காலம் ஓரளவு தள்ளிப் போயிற்று. ஆனால் அது மருந்தின் பலனே என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிய மூன்றாம் நிலை நோயாளிகளிடம் மெல்போர்ன் குழுவினர் நடத்திய மற்றொரு பரிசோதனையின் முடிவு 2025-ல் வெளிவந்தது. துணுக்குகள் தென்பட்டவர்களுக்கு மருந்தைக் கடுமையாக்கியும் பலன் கூடவில்லை. தென்படாதவர்களுக்கு மருந்தைக் குறைத்ததில் உபாதை குறைந்தது. ஆனால் குறைத்ததனால் தீங்கு ஒன்றுமில்லை என்பதைப் பூரணமாக ருஜுப்பிக்க முடியவில்லை.

அப்படியானால் முன்கூட்டி அறிவதனால் பயனே இல்லையா என்று கேட்கலாம். அதுவும் சரியன்று. சிறுநீர்ப்பையை எடுத்துவிட்ட புற்றுநோயாளிகளிடம் ரோச் என்ற மருந்துக் கம்பெனியின் ஆதரவில் நடந்த பரிசோதனையின் முடிவும் 2025-ல் வெளியாயிற்று. ரத்தத்தில் துணுக்குகள் தென்பட்ட 250 பேரில் ஒரு பகுதியினருக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் அட்டிஸோலிஸுமாப் என்ற மருந்து கொடுத்தார்கள். மருந்து பெறாதவர்கள் உயிர் வாழ்ந்த நடுத்தரக் காலம் 21 மாதம். பெற்றவர்கள் வாழ்ந்தது கிட்டத்தட்ட 33 மாதம். துணுக்குகள் தென்படாதவர்களை மருந்தின்றிக் கண்காணித்து மட்டும் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருந்தனர். சாட்சியும் சரியாக அமைந்து, கையில் தக்க பரிகாரமும் இருந்தால் முன்னறிவு உயிரைக் காக்கும் என்பது இங்கே விளங்கிற்று. ஒரு நோயில் விளங்கியதை எல்லா நோய்க்கும் ஏற்றிச் சொல்வதுதான் பிழை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது இது. மருந்து தேவையில்லாதவர்களைக் காட்டிக்கொடுத்து, அவர்களை வீண் தண்டனையிலிருந்து விடுவிப்பதே இப்பரீட்சையால் முதன் முதல் கிட்டிய பெரும் பேறு. மருந்து தேவையானவர்களைக் காப்பது அதற்கு அடுத்த பேறு. அது ஓரிரு நோய்களில் கிட்டியிருக்கிறது, மற்றவற்றில் இனிமேல்தான் கிட்ட வேண்டும். விளம்பரக்காரர்களோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி, "முன்கூட்டி அறிந்தால் முன்கூட்டிக் குணமாகலாம்" என்று பொதுப்படப் பறைசாற்றுகிறார்கள். அச்சத்திலிருக்கும் மனிதனுக்கு இதை விடக் கவர்ச்சியான வார்த்தை வேறில்லை. ஆதலால்தான் இதை விடப் பொறுப்பாகச் சொல்ல வேண்டிய வார்த்தையும் வேறில்லை.

தன் உடலின் நிலையை அறிவது நோயாளியின் உரிமையல்லவா, அதை மறுக்க நீங்கள் யார் என்று சிலர் ஆட்சேபிக்கக் கூடும். உரிமையை நாம் மறுக்கவில்லை. அதன் பூரண வடிவத்தையே கோருகிறோம். "உமது ரத்தத்தில் புற்றின் அடையாளம் இருக்கிறது" என்ற வாக்கியத்தைக் கேட்டவன் அன்றிரவு முதல் தூங்க மாட்டான். படக் கருவி ஒன்றும் காட்டாது. வைத்தியரிடம் ருஜுவான மருந்தும் இராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பதே அவனுடைய வாழ்க்கையாகிவிடும். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத தீர்ப்பைப் போன்றது அது. அந்த அறிவையும் விரும்பி ஏற்போர் உண்டு. குடும்பக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள்ளவும், புதிய பரிசோதனைகளில் சேரவும் அது உதவலாம். வேறு சிலர் அதை விரும்பமாட்டார்கள். எதுவாயினும், முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி. விஷயம் முழுவதையும் கேட்ட பின்னரே, ரத்தம் எடுப்பதற்கு முன்னரே, அவர் முடிவு செய்ய வேண்டும். சொல்லாமல் எடுத்த ரத்தத்துக்கு உரிமை என்ற பெயர் பொருந்தாது.

ஆகவே நாம் வேண்டுவன சில. வைத்தியர்கள் ரத்தம் எடுப்பதற்கு முன், விடை இவ்வாறு வந்தால் இன்னது செய்வோம், அவ்வாறு வந்தால் இன்னது செய்வோம் என்று நோயாளிக்கு விளக்கட்டும். எந்த விடை வந்தாலும் செய்வது ஒன்றே என்றால், அந்தப் பரீட்சையினால் யாருக்கு லாபம் என்று நோயாளி கேட்கட்டும். பரீட்சையை விற்கும் கம்பெனிகள், தங்கள் கருவி எத்தனை பேரைத் தவறவிட்டது, எத்தனை பேரைப் பொய்யாகக் குற்றம் சாட்டியது என்ற கணக்கை நோய்வாரியாக வெளியிடட்டும். சர்க்கார்கள் இப்பரிசோதனைகளுக்குப் பொதுப் பணத்தைத் தயங்காமல் செலவிடட்டும். மருந்தைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு விடை காண மருந்து விற்பவன் பணம் போடுவான் என்று எதிர்பார்ப்பது பேதைமை. அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் பொது ஜனங்களே. அதற்குச் செலவிட வேண்டியவர்களும் அவர்களே. ருஜுவான இடத்தில், பரீட்சையின் பயன் பணக்காரருக்கு மட்டும் கிட்டி ஏழைக்கு எட்டாமற் போகலாகாது. பயனற்ற கீமோதெரபிக்கு ஆகும் செலவும் அதனால் இழக்கும் வேலை நாட்களும் மிச்சமாகும்போது, இதற்குப் பணமில்லை என்ற சமாதானம் செல்லாது.

புற்றுநோயைக் கண்ட இடத்திலெல்லாம் அடித்து நொறுக்குவதே வீரம் என்று மனித சமூகம் நெடுங்காலம் எண்ணி வந்திருக்கிறது. அடிக்க வேண்டாத இடத்தில் கையை அடக்குவதும் வீரமே என்று மெல்போர்ன் பரிசோதனை காட்டியிருக்கிறது. நல்ல நீதிபதி தண்டிப்பதற்கு அஞ்சுவதில்லை; சாட்சியின்றித் தண்டிப்பதற்கே அஞ்சுகிறான். நோயாளியின் ரத்தமே இன்று சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது. அதைப் பொறுமையுடன் கேட்போம். குறுக்கு விசாரணையும் செய்வோம். அது சொல்லாததைச் சொன்னதாகத் திரித்துத் தீர்ப்பளிக்க எவருக்கும், எந்தக் கம்பெனிக்கும், இடங்கொடாதிருப்போம்.